ஸ்காக்வேயில் யாரும் தங்கம் வெட்டவில்லை

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் பயணக் கட்டுரையில் அலாஸ்காவின் ஸ்காக்வேயைத் 'தங்கம் வெட்டி எடுத்த ஊர்' என்று எழுதியிருக்கிறீர்கள். தங்களுக்குத் தெரியாததா? தங்கம் கிடைத்தது 1896-இல், மலைக்கு அந்தப் பக்கம், கனடாவின் க்ளோண்டைக்கில். இன்றைய சாலைக் கணக்கில் சுமார் 700 கிலோமீட்டர். ஸ்காக்வே, தங்கம் தேடி வந்தவர்கள் கப்பலை விட்டு இறங்கி மூட்டை தூக்கிய துறைமுகம், அவ்வளவுதான். நான் பொன்மலை ரயில்வே பணிமனையில் 34 வருஷம் வேலை பார்த்தவன். ஊர்ப் பெயரில் பொன் இருக்கிறதே என்று அங்கே யாரும் கடப்பாரையோடு வந்து நின்றதில்லை.

சரி, அதைக்கூட விட்டுவிடலாம். அந்த ஊர் ரயிலைப் 'பொம்மை ரயில்' என்கிறார் கட்டுரையாளர். ஊட்டி ரயிலையும் உங்கள் இதழ் இப்படித்தான் எழுதியது. அப்போது நான் போட்ட நான்கு பக்கக் கடிதத்தை இரண்டு வரியாக நறுக்கி, அதிலும் மீட்டர்கேஜை நேரோகேஜ் ஆக்கிப் பிரசுரித்தீர்கள். அந்தக் கருணையை நான் மறக்கவில்லை.

2018-இல் மகள் எங்களைக் கப்பலில் அழைத்துப்போனாள். சுமார் 1,200 பேர் வாழும் ஊர். எங்கள் ஒரு கப்பலில் வந்தவர்களே அதைவிட அதிகம். கடைத்தெருவில் வரிசையாக நகைக்கடைகள். என் மனைவி ஒன்றில் நுழைந்து கம்மல் விலை கேட்டுவிட்டு, போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

அந்த ரயில் நேரோகேஜ்தான், தண்டவாளங்களுக்கு இடையே மூன்றடி. ஊட்டிக்கு ஏறுவதுபோல் பல்சக்கரம் கிடையாது. அப்படியே சுமார் 20 மைலில் கடல் மட்டத்திலிருந்து 2,865 அடி ஏறுகிறது. முழுப் பாதையையும் 1898-இல் தொடங்கி 1900-இல் முடித்துவிட்டார்கள். அதற்கு முன் அந்த ரயில் ஏறும் மலைக் கணவாயில் சுமை தூக்கியே ஏறக்குறைய 3,000 குதிரைகள் செத்தன. வழியில் ஒரு பெரிய பாறை, பக்கத்தில் கறுப்புச் சிலுவை. வெடி வைத்தபோது பாறை உருண்டு இரண்டு தொழிலாளிகள் அடியில் சிக்கினார்களாம். நூறு டன் பாறையை யார் நகர்த்துவது? அங்கேயே விட்டுவிட்டார்கள். பெட்டியில் எல்லாரும் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். நான் குரங்குக் குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். உங்கள் கட்டுரையாளரும் அதே ஜன்னல் வழியாகத்தானே பார்த்திருப்பார்? கப்பலில் கிடைத்த சாம்பார் சாதத்துக்கு ஒரு பத்தி முழுக்க ஒதுக்கியவருக்கு இந்தச் சிலுவைக்கு ஒரு வரி இல்லை. இப்போதெல்லாம் உங்கள் பயணக் கட்டுரைகளில் யார் எங்கே போனாலும் சாம்பாரைத்தான் தேடுகிறார்கள்.

அடுத்த இதழில் ஒரு வரித் திருத்தம் போட்டால் போதும்: தங்கம் கிடைத்தது ஸ்காக்வேயில் அல்ல. இந்தக் கடிதத்தையும் நறுக்கித்தான் ஆக வேண்டுமென்றால் கம்மல் விலை கேட்டதை நறுக்குங்கள். மனைவியும் அதைத்தான் விரும்புகிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பணிமனை ஊழியர்,
பொன்மலை, திருச்சி.