கடையில் ஆள் வைத்திருக்கிறோம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, பாம்பனிலிருந்து வணக்கம்.

வருகிற ஏப்ரல் 1-ஆம் தேதியிலிருந்து நம் கருவாட்டுக் கடைக்கு வந்தால் கல்லாவில் வேறு முகம் இருக்கும். தங்கச்சிமடத்திலிருந்து ஒரு பெண் வேலைக்கு வந்திருக்கிறார். எடை போடுவது, கட்டிக் கொடுப்பது, போன் எடுப்பது, பார்சல் அனுப்புவது எல்லாம் இனி அவர் பொறுப்பு. நான் பின்கட்டில் சரக்குப் பார்த்துக்கொண்டு இருப்பேன். கடையை விற்கவும் இல்லை, குத்தகைக்கு விடவும் இல்லை. விஷயம் அரைகுறையாகக் காதில் விழுந்து, "கடையைக் கொடுத்திட்டீகளாமே" என்று சிலர் கேட்டுவிட்டார்கள். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு 67 வயது, வீட்டுக்காரருக்கு 72. மீன் காயும் தட்டியெல்லாம் மாடியில்தான் இருக்கிறது. மூட்டு தேய்ந்த காலோடு ஒரு நாளில் எத்தனை தரம் ஏறி இறங்க முடியும்? 25 கிலோ சாக்கை முன்பெல்லாம் அவர் ஒருவரே தோளில் போடுவார். இப்போது ஆளுக்கொரு முனை பிடித்துத் தரையில் இழுக்கிறோம். கண்புரை ஆபரேஷன் ஆன பிறகு பாலத்தில் போகிற வண்டி பளிச்சென்று தெரிகிறது, நெத்திலியில் கலந்து கிடக்கிற பொடி மீன்தான் கண்ணாடி போட்டாலும் தப்பிவிடுகிறது.

உடம்பு தளர்கிற நேரம் பார்த்து வியாபாரம் கூடிவிட்டது. 2022 டிசம்பரில் பழைய ரயில் பாலத்தில் ஓட்டத்தை நிறுத்தியபிறகு ராமேசுவரம் வருகிறவர்கள் மண்டபத்திலேயே இறங்கி பஸ் பிடித்தார்கள். 2025 ஏப்ரல் 6-இல் புதுப் பாலம் திறந்ததிலிருந்து ரயில் மறுபடி தீவுக்குள் வருகிறது. ஒரு தரம் கால் கிலோ வாங்கிப் போனவர்கள் அது தீர்ந்ததும் மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் போன் போடுகிறார்கள். வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை, இரண்டு கிழடுகளால் கட்டி அனுப்பவும் முடியவில்லை.

மகன் வரமாட்டானா என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: அவன் கோயம்புத்தூரில் சொந்தத் தொழில் பார்க்கிறான், நன்றாக இருக்கிறான், அவனைக் கூப்பிடும் எண்ணம் எங்களுக்கு இல்லை.

ஆள் வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னதும் பல பேர் வந்தார்கள். ஒரு தகப்பனார் ஏழாவது படிக்கிற பையனைக் கூட்டிவந்து, "லீவுக்கு நிக்கட்டும்க்கா, சும்மாதான சுத்துறான்" என்றார். பதினாலு வயது ஆகாத பிள்ளையைக் கடையில் வேலைக்கு நிறுத்துவது குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் இந்தப் படியில் ஒரு பிள்ளையை ஏற்றி இறக்க எனக்கு ஒப்பாது. இன்னொருவர் சம்பளமே வேண்டாம், கிலோவுக்கு இவ்வளவு கமிஷன் கொடுங்கள், டூரிஸ்ட் வண்டி டிரைவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். நல்ல வாய்ச்சாலகம் உள்ள ஆள், வியாபாரம் கூடத்தான் செய்திருக்கும். ஆனால் டிரைவர் பங்கு, இவர் பங்கு இரண்டும் கடைசியில் உங்கள் பையிலிருந்துதானே போகும்? டீ கொடுத்து அனுப்பிவிட்டோம்.

இப்போது வந்திருப்பவர் அவித்த நண்டிலிருந்து சதை எடுக்கிற கொட்டகையில் எடைக்கூலிக்கு வேலை பார்த்தவர். கால் சதை தனி, உடம்புச் சதை தனி என்று பிரித்துப் பழகிய கை. முதல் நாள் ஒரு முறம் நெத்திலியை முன்னால் வைத்து, "என்ன தோணுதோ செய்யுங்க" என்று மட்டும் சொன்னேன். பொடி மீனையும் குஞ்சு நண்டையும் ஒரு பக்கம் ஒதுக்கினார். தலை உதிர்ந்ததைத் தனியாகத் தள்ளினார். பிறகு விரலை மோந்து பார்த்துவிட்டு, "இதுல ஒரு கை நேத்துக் காஞ்சது இல்ல பெரியம்மா, பழசு" என்றார். வேண்டுமென்றுதான் கலந்து வைத்திருந்தேன். அதற்குமேல் என்ன பரீட்சை வைப்பது?

மாசி மாதமே அவரை வரச் சொன்னதற்குக் காரணம் உண்டு. மாசி, பங்குனி வெயிலில்தான் எங்கள் இருப்புச் சேரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகு மீன் கொஞ்சம் வரும், அது பச்சை மீனாகவே விற்றுப்போகும். அந்த இரண்டு மாதமும் சேர்த்து வைத்ததைக் கொண்டுதான் ஓட்ட வேண்டும். சரக்கு வந்து இறங்குவதையும், உப்புத் தொட்டியில் ஊறுவதையும், தட்டியில் காய்வதையும் பார்த்தவர்தான் விற்கும்போது தைரியமாகப் பதில் சொல்வார். தடைக்காலத்தில் வந்திருந்தால் மூட்டையை அவிழ்த்துக் கட்டத்தான் தெரிந்திருக்கும்.

அவருக்கு நான் சொல்லிக்கொடுத்ததை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். எந்தக் கடையில் வாங்கினாலும் உதவும். உப்புப் போட்ட பாறை மீனோ சாளையோ மேலே சுக்காகக் காய்ந்திருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. நடுமுள்ளை ஒட்டிய சதையை நகத்தால் கீற வேண்டும். ஈரம் நிற்பது அங்கேதான், வாடை முதலில் மாறுவதும் அங்கேதான். நம் நெத்திலிக்கு உப்புக் கிடையாது, கையில் அள்ளி உதறினால் சலசலவென்று சத்தம் கேட்க வேண்டும். கத்தையாக ஒட்டிக்கொண்டு விழுந்தால் இன்னொரு வெயில் பாக்கி. உப்புக் கருவாட்டில் இளஞ்சிவப்பாக ஒரு பூச்சு படர்ந்தால் அது உப்பிலேயே வளர்கிற நுண்ணுயிர், ஈரக்காற்று அடிக்கிற மாதங்களில் வரும். கழுவி, மறுபடி காயவைத்து, ஒன்றும் தெரியாதது போல் விற்கிறவர்கள் உண்டு. நம் வீட்டில் அது தென்னந்தூருக்குப் போகிறது.

இந்த வேலையெல்லாம் அவர் இப்போதே என்னைவிட வேகமாகச் செய்கிறார். திருக்கையும் சுறாவும் மட்டும் இன்னும் என்னிடம்தான். அந்த மீன்களின் சதையில் யூரியா இருக்கிறது, அது அமோனியாவாக மாறுவதால் நல்ல சரக்கிலேயே ஒரு நெடி அடிக்கும். இது இயல்பான நெடி, இது கெட்டுப்போன நெடி என்று மூக்குப் பிரித்துச் சொல்ல ஒரு மழைக்காலமாவது தாண்டியாக வேண்டும். அதனால் பிள்ளை பெற்ற வீட்டுக்குப் பால்சுறா கேட்கிறவர்கள் ஒரு நாள் முன்னதாகச் சொல்லிவிடுங்கள், நான் பார்த்து எடுத்து வைக்கிறேன். பிரஷர் உள்ளவர்கள் எந்தக் கருவாடு சாப்பிடலாம் என்று தயவுசெய்து அவரைக் கேட்காதீர்கள். என்னையும் கேட்காதீர்கள், டாக்டரைக் கேளுங்கள்.

இனி பணம். கிலோவுக்கு 20 ரூபாய் கூட்டியிருக்கிறோம். கால் கிலோ வாங்குகிறவர்களுக்கு 5 ரூபாய். தடைக்காலத்தில் மீன் விலையால் ஏறி இறங்குவது வேறு கணக்கு, இந்த 20 ரூபாய் முழுக்க ஆள் சம்பளத்துக்காக. மாதம் சுமாராக 500 கிலோ போகிறது என்றால் 10,000 ரூபாய் வருகிறது. கடைத் தொழிலுக்கு அரசு அறிவிக்கும் குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாமல் சம்பளம் கொடுக்க அது காணாது, மீதியை எங்கள் லாபத்திலிருந்து போடுகிறோம். மழைக்காலத்திலும் தடைக்காலத்திலும் வேலை குறைவுதான், ஆனாலும் பன்னிரண்டு மாதமும் சம்பளம் உண்டு. வேலை இல்லாத மாதம் வீட்டுக்குப் போ என்றால் அவர் திருப்பூருக்கு ரயில் ஏறிவிடுவார். அப்புறம் நான் இன்னொருவருக்கு நடுமுள்ளிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், அதற்கு எனக்குத் தெம்பு இல்லை.

சம்பளத்தோடு விபத்துக் காப்பீடு ஒன்றும் எடுத்துக் கொடுத்திருக்கிறோம். பிரதம மந்திரி சுரக்ஷா பீமா, வருடத்துக்கு 20 ரூபாய்தான், 2 லட்சம் வரை கிடைக்கும். வேலைக்கு ஆள் வைத்திருக்கிற கடைக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் நீங்களும் செய்யுங்கள், ஒரு டீ காசு. அதோடு, அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான ஓய்வூதியத் திட்டத்தில் பொதுச் சேவை மையத்துக்குக் கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்டோம். 18 முதல் 40 வயதுக்குள், மாத வருமானம் 15,000 ரூபாய்க்குள் இருப்பவர்கள் சேரலாம். அவருக்கு 35 வயது என்பதால் மாதம் 150 ரூபாய். அதைக் கடை கட்டுகிறது, அதே அளவு மத்திய அரசும் போடும், 60 வயதுக்குப் பிறகு மாதம் 3,000 ரூபாய் வரும். 2019-இல் அந்தத் திட்டம் வந்தபோதே எனக்கு வயது எப்போதோ தாண்டியிருந்தது. கடைக்காரிக்குக் கிடைக்காதது கடையில் நிற்கிறவருக்காவது கிடைக்கட்டும்.

நிற்கிறவர் என்று எழுதிவிட்டேன், அவர் உட்கார்ந்துதான் இருப்பார். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டமே திருத்தியிருக்கிறார்கள். தராசுக்குப் பக்கத்தில் உயரமான ஸ்டூல் போட்டிருக்கிறோம். உட்கார்ந்தபடி எடை போட்டால் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நின்று நின்று என் மூட்டு என்ன ஆயிற்று என்று பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அவர் வேலை பழகுகிற இந்த ஒரு மாதத்தில் பழைய வாடிக்கைக்காரர்கள் பலர் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா எங்க போயிட்டாக? அக்கா வரட்டும், அப்புறமா வாங்கிக்கிறேன்" என்று திரும்பிப் போனார்கள். என்மேல் உள்ள பிரியம்தான், தெரிகிறது. ஆனால் அது அவர் காதில் எப்படி விழும்? உள்ளே நான் எடுத்து வைத்த சரக்கைத்தான் அவர் கட்டிக் கொடுக்கிறார். சந்தேகம் இருந்தால் அவர் கண் முன்னாலேயே கீறிப் பாருங்கள், மோந்து பாருங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார். பெயரைக் கேட்டுக் கூப்பிடுங்கள். "ஏம்மா", "ஏ பிள்ளை" எல்லாம் வேண்டாம்.

விலையை எழுதிப் பலகை மாட்டியிருக்கிறோம். என்னிடம் பேரம் பேசிப் பழகியவர்களுக்கு இது கசக்கும். நான் முகம் பார்த்துப் பத்து ரூபாய் விட்டுக் கொடுப்பேன், அந்தச் சங்கடத்தில் அவரை மாட்டிவிட முடியாது. அதனால் எல்லோருக்கும் ஒரே விலை. கடன் நோட்டு என்னிடமே இருக்கும். நோட்டில் ஏற்கெனவே பெயர் உள்ளவர்கள் எப்போதும் போல வாங்கலாம், அவர் சீட்டு எழுதி உள்ளே அனுப்புவார். புதுக் கடனுக்கு அவரை நெருக்காதீர்கள். போனில் பணம் அனுப்புகிறவர்கள் கல்லாவில் ஒட்டியிருக்கிற கியூஆர் அட்டைக்கு மட்டும் அனுப்புங்கள், பக்கத்தில் இருக்கிற ஸ்பீக்கர் சத்தம் போட்டதும் கிளம்பலாம். அவர் சொந்த நம்பருக்கு யாரும் அனுப்ப வேண்டாம், அவரும் கேட்க மாட்டார்.

கடலட்டை இருக்கிறதா, கடல்குதிரை கிடைக்குமா என்று காதோரம் வந்து கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2001-லிருந்து அவை வனவிலங்குச் சட்டத்தில் காக்கப்பட்ட உயிர்கள், பிடிப்பதும் விற்பதும் குற்றம். புது ஆளிடம் கேட்டால் கிடைக்கும் என்று நினைத்து வந்த ஒருவருக்கு அவர் கொடுத்த பதில் தெருமுனை வரை கேட்டது. நான்கூட அப்படிப் பேசியதில்லை.

கடை இனி காலை ஒன்பதரைக்குத் திறந்து மாலை ஆறரைக்கு மூடும். தங்கச்சிமடம் பஸ்ஸைப் பிடித்து அவர் நேரத்தோடு வீடு போய்ச் சேர வேண்டும். முன்பு மாதிரி இரவு எட்டரைக்குக் கதவைத் தட்டினால் திறக்க மாட்டோம். தனுஷ்கோடி பார்த்துவிட்டுத் திரும்பும்போது வாங்கிக்கொள்ளலாம் என்றிருப்பவர்கள் போகிற வழியில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள், கட்டி வைத்திருப்போம். மதியம் ஒன்றரையிலிருந்து இரண்டரை வரை அவருக்குச் சாப்பாட்டு நேரம், அப்போது என் வீட்டுக்காரர் கல்லாவில் இருப்பார். காது கொஞ்சம் மந்தம், அரைக் கிலோ என்றால் ஆறு கிலோ என்று கேட்டுவிடுவார், விரலைக் காட்டிச் சொல்லுங்கள்.

வாராந்திர விடுமுறை வெள்ளிக்கிழமை. பாதிப் பேர் அன்றைக்குக் கவுச்சி தொடுவதில்லை, எங்களுக்கும் நட்டம் அதிகமில்லை. தவக்காலத்தில் மட்டும் வெள்ளிக்கிழமையும் திறப்போம், இறைச்சி ஒதுக்குகிற வீடுகளில் அன்றைக்கு மீன்தான். அந்த வாரங்களில் அவருக்குச் செவ்வாய் விடுமுறை.

பார்சல் ஆர்டர்களைக் காலை பத்திலிருந்து மாலை ஐந்துக்குள் சொல்லுங்கள். வாட்ஸாப்பில் எழுதி அனுப்பினால் நல்லது. நடு இரவில் ஐந்து நிமிஷ வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறவர்கள் யார் என்று அவர்களுக்கே தெரியும், அதில் நான்கு நிமிஷம் குடும்ப விசேஷம் இருக்கும். அதை எனக்குத் தனியாகச் சொல்லுங்கள், ஆசையாகக் கேட்பேன். ஆர்டரில் மீன் பெயர், எடை, ஊர், பின்கோடு இருந்தால் அவருக்குப் போதும். இரண்டு உறை போட்டு, வாய் ஒட்டி, அட்டைப்பெட்டியில் அனுப்புகிறோம், பஸ்ஸில் பக்கத்துச் சாமான்காரர் சண்டைக்கு வராத அளவுக்கு. பெட்டி வந்ததும் உறையைப் பிரித்து அரை மணி நேரம் வெயில் காட்டி, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் புதிதாகக் காயப்போட மாட்டோம், இருப்புத் தீர்ந்தால் தீர்ந்ததுதான். தீபாவளிக்கு மறுநாளைக்கு வேண்டும் என்கிறவர்கள் புரட்டாசிக்குள் சொல்லி வையுங்கள்.

இப்படிக்கு,
கடைக்காரி,
பாம்பன்