கடல் வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டியவர்களுக்கு

ஊர்ப் பெரியவர்களுக்கும், தொழிலுக்குப் போகும் அண்ணன் தம்பிகளுக்கும், கரையில் வலை சிக்கெடுக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

2022 செப்டம்பர் 21 அன்று பாக் விரிகுடாவில் கடற்பசு பாதுகாப்பகத்தை அரசு அறிவித்துவிட்டது. அதிராம்பட்டினத்திலிருந்து அம்மாபட்டினம் வரை, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடல் சேர்ந்து 448 சதுர கிலோமீட்டர். நாம் ஆவுளியா என்று சொல்கிற கடற்பசுவுக்காக இந்தியாவில் அமைந்த முதல் பாதுகாப்பகம் இது. செய்தி வந்த அன்று ஊரில் பலர் என்னிடம், "நீ எழுதி வச்ச நோட்டு வேலை செஞ்சிருச்சு" என்றார்கள். பாதுகாப்பகம் பற்றிய கூட்டங்களில் பேசியதை நோட்டில் எழுதியது மட்டும்தான் நான். சொன்னவர்கள் நீங்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில், பயத்தோடு வந்தும் பாதியில் எழுந்து போகாதவர்களுக்கு நன்றி. 2021 செப்டம்பரில், பாதுகாப்பகம் அமைக்கப்போகிறோம் என்று சட்டமன்றத்தில் முதலில் அறிவிப்பு வந்தபோது நம் ஊர் எப்படி இருந்தது என்று எனக்கு நினைவிருக்கிறது. தெற்கே மன்னார் வளைகுடாவில் 1986-இல் 21 தீவுகளைச் சேர்த்து தேசியப் பூங்கா ஆக்கியபின், பாசி எடுக்கப் போன பெண்கள் பட்ட பாட்டை உறவுக்காரர்கள் சொல்லி நாம் கேட்டிருக்கிறோம். கஜா புயலில் படகைப் பறிகொடுத்து வட்டிக்கு வாங்கிப் புதுப் படகு இறக்கியவர்கள் அப்போதும் தவணை கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் 'பாதுகாப்பு' என்ற சொல்லைக் கேட்டாலே நெஞ்சு பதறத்தான் செய்யும். போதாததற்கு, முதல் கூட்டத்தில் ஒருவர் ஆங்கிலக் காகிதத்தை வாசித்து, வருகைப் பதிவில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகும் இரண்டாவது கூட்டத்துக்கு வந்தீர்களே, அது பெரிய விஷயம்.

அந்தப் பயத்தைத் தீர்த்தது ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயாதான். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 36ஏ பிரிவைத் தமிழில் எழுதிக்கொண்டு வந்து, வலைக் கொட்டகையில் நின்று வாசித்தார். தேசியப் பூங்கா வேறு, பாதுகாப்பகம் வேறு. இதை அறிவிக்கும் முன் அங்கே வாழும் மக்களிடம் கலந்து பேச வேண்டும் என்று சட்டமே சொல்கிறது என்றார். "கேட்கணும்னு சட்டத்துல இருக்குன்னா, சொல்றதுக்கு நம்மகிட்ட என்ன இருக்கு?" என்று அவர் கேட்ட கேள்வியில்தான் வேலை தொடங்கியது.

வரைபடத்தைத் தரையில் விரித்ததும் தாத்தாமார் இருவர் போட்ட சண்டையை நான் மறக்க மாட்டேன். தாழை, அதாவது கடற்புல், எங்கே முடிகிறது என்று ஒருவர் இரண்டு பாக (பாகம் என்பது கடலாழத்துக்கு நாம் சொல்லும் அளவு) ஆழத் தண்ணீரில் கோடு இழுத்தார். இன்னொருவர் மூன்று பாகத்துக்கும் அப்பால் இருக்கிறது என்றார். மறுநாள் விடியலில் இரண்டு பேருமே ஒரே வள்ளத்தில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். கல் கட்டிய கயிற்றில் புல் சிக்கி வந்தது. கோட்டைத் தள்ளிப் போட்டோம். அந்தக் காலையில் நீங்கள் எரித்த டீசல் காசைக்கூட யாரிடமும் வாங்கவில்லை.

அப்புறம் அக்காமார். ஆண்கள் போட்ட படத்தில் கரையோரம் முழுக்க வெறுமையாக இருந்தது. "அங்கதானே நாங்க நண்டு பொறுக்குறோம், அது தொழில் இல்லையா?" என்று நீங்கள் கேட்டபோதுதான் எங்களுக்கு உறைத்தது. இடுப்பளவு தண்ணீரில் எங்கே குஞ்சு நண்டு கிடக்கும், எந்த மாதத்தில் ஓரா மீன் புல்லுக்குள் வரும் என்று நீங்கள் சொன்னது மூன்று பக்கம் வந்தது. கரையோர விதிகளைப் பற்றிய நம் ஊர் மனுவில் பாதி உங்களுடையது.

மூன்று கடல் மைலுக்குள் இழுவை வலை கூடாது என்பது 1983 சட்டத்திலிருந்தே இருக்கிறது. கடலுக்குப் போக விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்பதும் பழைய ஏற்பாடு. புது விதி கேட்பதற்கு முன் இருக்கிற விதியை ஒழுங்காக நடத்துங்கள் என்று மனுவில் முதல் வரியாக எழுதினோம். அதை ஒத்துக்கொண்டு, நாட்டுப்படகுக்காரர்கள் நிறைந்த கூட்டத்துக்குத் தனியாக வந்து உட்கார்ந்த விசைப்படகு அண்ணனுக்குத் தனி நன்றி. அன்று யாரும் குரல் உயர்த்தவில்லை என்றால் அதற்குக் காரணம் அவருடைய பொறுமை.

இதையெல்லாம்விட எனக்குப் பெரியதாகத் தெரிவது ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் ஆவுளியா கிடைத்தால் ஊரே பங்கு போட்டுக் கறி தின்றதை ஒரு பெரியவர் மறைக்காமல் சொன்னார். அதைக் கேட்ட தம்பி ஒருவன் எழுந்து, இரவில் விட்டுவந்த தன் செவுள் வலையில் ஒரு தாயும் கன்றும் சிக்கி மூச்சு முட்டிச் செத்துக் கிடந்ததைச் சொல்லி அழுதான். வனத்துறைக்காரர்கள் முன்னால் சொல்லக்கூடிய விஷயமா அது? அன்று வந்திருந்த அலுவலர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் நன்றி. மூன்றிலிருந்து ஏழு வருடத்துக்கு ஒரு முறை, ஒரே ஒரு கன்று போடுகிற உயிர் அது என்று ஆராய்ச்சிக்கு வந்த பிள்ளைகள் முன்பே சொல்லியிருந்தார்கள். தம்பி சொன்ன பிறகுதான் அந்தக் கணக்கு எல்லோருக்கும் புரிந்தது. புல் படுகை மேல் இரவில் வலையை விட்டுவிட்டு வருவதில்லை, சிக்கினால் வலையை அறுத்து விட்டுவிடுவது என்று அன்றைக்கே ஊர் முடிவு செய்தது. யாரும் நம்மை வற்புறுத்தவில்லை. தம்பி, உன் பெயரை நான் எழுதவில்லை. ஆனால் அந்த முடிவு உன்னால் வந்தது.

டீ வாங்கிக் கொடுத்தவர்கள், கொட்டகையைத் திறந்துவிட்டவர்கள், ஜெராக்ஸ் எடுக்க மணமேல்குடிக்கு ஓடிய பிள்ளைகள், எல்லோரையும் நினைத்துக்கொள்கிறேன்.

வேலை முடிந்துவிடவில்லை. பாதுகாப்பகத்தை நடத்த ஒரு குழு அமையும்; எல்லைக்குள் வரும் ஒவ்வொரு ஊராட்சியிலிருந்தும் அதில் ஒருவர் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நம் ஊராட்சியிலிருந்து போகிறவர் கடல் தெரிந்தவராக இருக்க வேண்டும். அக்காமாரில் ஒருவர் போனால் இன்னும் நல்லது என்பது என் ஆசை. கிராம சபையில் இதைப் பேசுவோம்.

வரைபடத்தின் ஒரு பிரதியை வலைக் கொட்டகைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். பக்கத்தில் கயிற்றில் பென்சில் தொங்குகிறது. புல் நகர்ந்திருந்தால், புதிதாக எங்காவது ஆவுளியா தட்டுப்பட்டால், தேதியோடு குறித்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வந்து நோட்டில் ஏற்றிக்கொள்கிறேன்.

நன்றியுடன்,
கூட்டங்களில் குறிப்பெழுதிய உங்கள் ஊர்ப் பெண்