காலை விளையாட்டு மதியத்துக்கு மாறுகிறது

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். தீபாவளி விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாள் முதல் ஜனவரி இறுதி வரை காலை வழிபாடு வகுப்பறைக்குள்ளேயே நடக்கும். விளையாட்டு வகுப்புகள் எல்லாம் மதியம் 1 மணிக்கு மேல்தான்.

'காலைக் காற்றுதானே உடம்புக்கு நல்லது, ஏன் மாற்றுகிறீர்கள்?' என்று சிலர் கேட்டீர்கள். நம் தமிழ்நாட்டு ஊர்களில் அது சரி. நாம் இப்போது இருக்கும் டெல்லியின் குளிர்காலத்தில் நிலைமை நேர் எதிர்.

வண்டிப் புகையும் சாலைப் புழுதியும் இங்கே ஆண்டு முழுவதும் உண்டு. கோடை மதியத்தில் சூடான தரைக்காற்று ஒன்றிரண்டு கிலோமீட்டர் உயரம்வரை எழும்பி அதையெல்லாம் கலைத்துவிடும். குளிர்கால இரவில் தரை சீக்கிரம் குளிர்கிறது. அதையொட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துப்போகிறது. மேலே இருப்பதோ அதைவிடச் சூடான காற்று. சட்டிக்கு மூடி போட்டதுபோல அது மேலே நிற்க, புகை முழுவதும் சில நூறு மீட்டருக்குள் அடைபட்டுவிடும். வெயில் ஏறி தரை சூடாகும்வரை அந்த மூடி விலகாது. நம் பிள்ளைகள் பேருந்துக்காக நிற்பது சரியாக அந்த நேரத்தில்தான்.

சென்னையிலும் வண்டிகள் குறைவில்லை. ஆனால் அங்கே கடற்காற்று தினமும் வந்து காற்றை மாற்றிவிடுகிறது. அங்கும்கூடக் காற்று அசையாத அதிகாலையில் எரித்தால் என்ன ஆகும் என்பதை 2018 போகியன்று பார்த்தோம். புகைமூட்டத்தில் விமானங்களையே வேறு ஊருக்குத் திருப்பிவிட்டார்கள். டெல்லிக்குக் கடல் வெகு தூரம். வடக்கே இமயமலை தடுப்பாக நிற்கிறது. அறுவடை முடிந்து அக்டோபர், நவம்பரில் பஞ்சாப், ஹரியானா வயல்களில் எரிக்கும் பராலியின் (அறுத்தபின் மிஞ்சும் நெல் தாளின்) புகையை வடமேற்குக் காற்று நேராக இங்கே கொண்டுவருகிறது. வரும் காற்றும் பல நாள் மெதுவாகத்தான் வீசும், வந்த புகை வெளியேறாது.

மூடுபனி நாட்களில் மதியம்கூடப் பாதுகாப்பில்லை; வெயில் தரையைத் தொடாததால் மூடி அப்படியே இருக்கும். அதனால் உடற்கல்வி ஆசிரியர் தினமும் அருகிலுள்ள நிலையத்தின் காற்றுத் தரக் குறியீட்டைப் பார்த்த பிறகே பிள்ளைகளை வெளியே விடுவார். 300-ஐத் தாண்டினால் மைதானம் கிடையாது. பள்ளியை மூடச் சொல்லி அரசு உத்தரவு வந்தால் அன்றே குறுஞ்செய்தி அனுப்புவோம்.

உங்களிடம் கேட்பது கொஞ்சம்தான். விடியற்காலை நடைக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகாதீர்கள். பொழுது சாய்ந்ததும் மூடி மறுபடி இறங்கும், சாலை நெரிசலும் அப்போதுதான். ஆறு மணிக்கு மேல் பூங்கா விளையாட்டும் வேண்டாம். துணி முகக்கவசம் இந்தப் புகையிலுள்ள நுண்துகளைத் தடுக்காது, என்95 வாங்குங்கள். பிள்ளையின் முகத்தில் இடைவெளி இல்லாமல் பொருந்த வேண்டும்.

அப்புறம், ஆஸ்துமா, வீசிங் உள்ள பிள்ளைகளின் இன்ஹேலரையும் மருத்துவர் சீட்டின் நகலையும் இந்த வாரமே வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். போன வருடம் கொடுத்திருந்தாலும் காலாவதித் தேதியைப் பார்த்துப் புதிதாகத் தாருங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்