அந்த முகத்தைப் போட்டிருக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

போன இதழில் மெனோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவின் பெண்களைப் பற்றி, ஒரு பெண்ணின் முழுப்பக்கப் படத்தோடு வந்த கட்டுரையைப் படித்தேன். மின்சாரம் இல்லாமல், பரபரப்பு இல்லாமல், பக்தியும் நிம்மதியுமாக வாழ்கிறார்களாம். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் கொஞ்சம் எரிச்சல்.

நான் பன்னிரண்டு வருஷமாகக் கனடாவில் கிச்சனர் நகரில் இருக்கிறேன். காரில் அரை மணிக்குள் செயின்ட் ஜேக்கப்ஸ், எல்மைரா பக்கம் போய்விடலாம், பழைய வழக்கத்தை விடாமல் குதிரை வண்டி ஓட்டும் 'ஓல்ட் ஆர்டர்' மெனோனைட்டுகளின் பண்ணைகள் அங்கேதான் இருக்கின்றன. கட்டுரையாளர் இவர்களை ஆமிஷ்காரர்களோடு குழப்பிக்கொண்டார் என்று நினைக்கிறேன், ஆமிஷ் என்பது 1693-லேயே தனியாகப் பிரிந்த வேறு கிறிஸ்தவப் பிரிவு. இங்கே ஓல்ட் ஆர்டர் வீடுகள் பெரும்பாலானவற்றில் கரண்ட் உண்டு, போனும் உண்டு. கார், டிவி, ரேடியோ, கம்ப்யூட்டர்தான் கிடையாது. கரண்டே வேண்டாம் என்கிற பிரிவு ஒன்று, கறுப்பு கார் மட்டும் ஓட்டலாம் என்கிற பிரிவு ஒன்று, எல்லாம் இதே வட்டாரத்தில்தான்.

நான் வழக்கமாகத் தக்காளி வாங்கும் பண்ணை வாசலில் 'ஞாயிற்றுக்கிழமை விற்பனை இல்லை' என்று பலகை இருக்கும். அந்தப் பண்ணை வீட்டு அம்மாவுக்கு ஆறு பிள்ளைகள். ஒரு ஆகஸ்ட் மாதம் நான் போனபோது, காலையில் பால் கறந்து, எல்லோருக்கும் சாப்பாடு போட்டு, கடைசிக் குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு, பனிக்காலத்துக்காகத் தக்காளியை வேகவைத்து ஜாடியில் அடைத்துக்கொண்டிருந்தார், அன்றைக்கு மட்டும் 60 ஜாடி. அடுத்த வாரம் பீச் பழம், அதற்கடுத்து வெள்ளரி ஊறுகாய் என்றார். திங்கட்கிழமை துவைக்கும் நாள், அந்தப் பக்கம் போனால் வீட்டுக்கு வீடு நீளக் கொடியில் துணி பறக்கும், அதில் பாதி அவர்களே தைத்தது. இதைப் போய் பரபரப்பில்லாத வாழ்க்கை என்று எழுதினால் எப்படி?

பக்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தலையில் வெள்ளைத் தொப்பி, ஞாயிறு ஆராதனை என்பதோடு கட்டுரை நின்றுவிட்டது. இவர்கள் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை, வளர்ந்தபின் தானாக விரும்பிப் பெற வேண்டும், பெற்றால் சபையின் கட்டுப்பாடு முழுவதும் ஏற்றதாக அர்த்தம். அரசு தரும் குழந்தைகளுக்கான பணமோ முதியோர் பென்ஷனோ இவர்கள் வாங்குவதில்லை, சபையும் குடும்பமும் பார்த்துக்கொள்ளும். அதனால்தான் பண்ணை வீட்டோடு ஒட்டி 'டாடி ஹவுஸ்' என்று பெரியவர்களுக்கு ஒரு சின்ன வீடு. மாமியாருக்குச் சாப்பாடு எடுத்துப் போவது, மாமனாரை டாக்டரிடம் கூட்டிப்போக ஆள் பிடிப்பது எல்லாம் இந்த அம்மாதான். கொள்கை சபையுடையது, வேலை இவருடையது. இதை நான் சொன்னபோது அவருக்குக் கோபம் வரவில்லை, "அவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டார்களே" என்றார், அவ்வளவுதான்.

எனக்கு ஒத்துவராததும் உண்டு. படிப்பு எட்டாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. பண்ணைக் கணக்கு முழுவதையும் ஒரு நோட்டில் பென்சிலால் போடுவது இந்த அம்மாதான், மனக்கணக்கில் என்னைத் தோற்கடிப்பார், ஆனால் சபையில் பிரசங்கியாக நிற்பது ஆண்கள் மட்டுமே. அதைவிடக் கசப்பான விஷயம் தென் அமெரிக்காவில் பொலிவியா நாட்டிலுள்ள மானிடோபா காலனி என்ற மெனோனைட் குடியிருப்பு. அங்கே பெண்களை மயக்க மருந்து தெளித்துப் பலாத்காரம் செய்த வழக்கில் 2011-ல் ஆண்களுக்கு நீண்ட சிறைத்தண்டனை கிடைத்தது. அந்தப் பெண்களுக்கு ஸ்பானிஷ் தெரியாது, வீட்டில் பேசும் ஜெர்மன் வழக்கு மட்டும்தான். எல்மைரா அம்மாவையும் அவர்களையும் 'மெனோனைட் பெண்கள்' என்று ஒரே மூட்டையில் கட்டினால் இரண்டு பக்கத்துக்கும் அநியாயம்.

கடைசியாக அந்த முழுப்பக்கப் படம். ஓல்ட் ஆர்டர்காரர்கள் போட்டோவுக்கு நிற்க மாட்டார்கள், அது தற்பெருமை என்று நினைக்கிறார்கள். நானும் ஒருமுறை கேட்டேன், சிரித்துக்கொண்டே தலையாட்டி மறுத்துவிட்டு, கூட இரண்டு சோளக்கதிரைப் பையில் போட்டார். நீங்கள் போட்டிருக்கும் படத்தில் அந்தப் பெண் கேமராவைப் பார்க்கவே இல்லை, எங்கோ தூரத்திலிருந்து ஜூம் பண்ணி எடுத்தது போலிருக்கிறது. அவரிடம் கேட்டுத்தான் எடுத்தீர்களா? அடுத்த இதழில் பதில் போடுங்கள்.

ஒரு வாசகி,
கிச்சனர், கனடா