கை எட்டும் தூரம் மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

வணக்கம். டிராக்டரில் மாட்டும் நீண்ட கை கொண்ட புதர்வெட்டி இயந்திரங்களைப் பற்றி உங்கள் இதழில் வந்த அறிமுகக் கட்டுரையைப் படித்தேன். கை எத்தனை மீட்டர் எட்டும், எவ்வளவு தடித்த கிளையை வெட்டும் என்றெல்லாம் விவரமாக எழுதியிருந்தார்கள். அந்தக் கையை நீட்டிக்கொண்டு சரிவில் நின்றால் டிராக்டர் என்ன ஆகும் என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இந்த இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் வேலையில் இருப்பவன் என்பதால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

கையின் நுனியில் இருக்கும் வெட்டும் தலை 400 கிலோ என்று வையுங்கள். அது சக்கரத்திலிருந்து 2 மீட்டர் தள்ளி இருப்பதும் 6 மீட்டர் தள்ளி இருப்பதும் ஒன்றல்ல. வண்டியைச் சாய்க்கும் விசை மூன்று மடங்காகிவிடும். சமதளத்திலேயே இந்தக் கதை. போதாததற்கு, பெரும்பாலான டிராக்டர்களில் முன் அச்சு நடுவில் ஒரு முளையில் ஆடும்படிதான் பொருத்தப்பட்டிருக்கும். ஆக, சாயத் தொடங்கும்போது அதைத் தாங்குபவை பின்சக்கரங்கள் இரண்டும் அந்த முளையும்தான். நாலு சக்கரம் இருக்கிறதே என்று தைரியம் கொள்ள இதில் இடமில்லை.

சரிவு எத்தனை டிகிரி என்று பார்த்துவிட்டு இறங்குகிறவர்களும் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். சக்கரங்களுக்கு நடுவே ஒன்றரை மீட்டர் அகலம் உள்ள வண்டியில், மேட்டுப் பக்கச் சக்கரம் 15 சென்டிமீட்டர் கல் ஒன்றில் ஏறினாலே சாய்வு கிட்டத்தட்ட 6 டிகிரி கூடிவிடும். அதே நேரம் பள்ளப் பக்கச் சக்கரம் அதே அளவு குழியில் இறங்கினால் இன்னொரு 6. புல் மண்டிய இடத்தில் கல்லும் தெரியாது, குழியும் தெரியாது. அதனால்தான் வெட்டுவதற்கு முன் நடந்து பார்க்கச் சொல்கிறோம்.

எனக்கு மிகவும் கவலை தரும் கணம் வேறு. வெட்டும் தலை தன் அடியிலுள்ள உருளையின்மேல் தரையில் ஊர்ந்து போகும்போது அதன் எடையில் ஒரு பங்கைத் தரை தாங்கிக்கொள்கிறது. எதிரே ஒரு பாறை வருகிறது, ஓட்டுநர் நெம்புகோலை இழுத்துத் தலையைத் தூக்குகிறார். அந்த நொடியில் முழு எடையும் டிராக்டர்மேல் வந்து விழுகிறது. கை பள்ளத்தின் பக்கம் நீண்டிருந்தால் மேட்டுப் பக்கச் சக்கரம் லேசாகிவிடும். முதலில் கையை உள்ளே இழுக்க வேண்டும், அப்புறம்தான் தூக்க வேண்டும், அதையும் மெதுவாக. சக்கரம் கிளம்புவதாகத் தோன்றினால் தலையைத் தரையில் இறக்கிவிடுவதுதான் வழி.

முடிந்தவரை டிராக்டரைச் சரிவுக்கு மேலே அல்லது கீழே சமதளத்தில் ஓட்டி, கையை மட்டும் சரிவில் விடலாம்; நீண்ட கை இருப்பதே அதற்குத்தானே. மேலே நின்றால் பள்ளத்தின் ஆழம் எவ்வளவோ அவ்வளவு தூரமாவது விளிம்பிலிருந்து தள்ளி நிற்க வேண்டும், ஓர மண் இளகிச் சரியும். எதிர்ப்பக்க எடை, டயரில் நீர் நிரப்புதல், சக்கர அகலத்தைக் கூட்டுதல் இவையெல்லாம் உதவும். ஆனால் டிராக்டரே தயாரிப்பாளர் கேட்கும் எடைக்குக் குறைவாக இருந்தால் இவற்றை வைத்து ஒப்பேற்றக் கூடாது.

டிராக்டர் கவிழ்ந்தால் ஓட்டுநர் நசுங்காமல் காக்க அவர் தலைக்கு மேல் இருக்கும் இரும்புச் சட்டத்தை, கிளை இடிக்கிறது என்று மடக்கிவிட்டு ஓட்டுகிறார்கள். பார்க்கவே பதறுகிறது. சுவீடன் 1959-லேயே புதிய டிராக்டர்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது. அதற்குப் பிறகு அங்கே கவிழ்ந்து சாகிறவர்கள் வெகுவாகக் குறைந்தார்கள். சட்டம் நிமிர்ந்திருந்தால் சீட் பெல்ட் கட்டாயம் போட வேண்டும். பெல்ட் இல்லாதவர் வெளியே விழுந்து, அதே சட்டத்தின் அடியில் சிக்கக்கூடும்.

வேலை வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ‘இந்தச் சரிவில் முடியாது’ என்று ஓட்டுநர் சொன்னால், அவரைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்லி இன்னொருவரை ஏற்றிவிடாதீர்கள். அந்த இடத்தைக் கைக்கருவியால் வெட்டலாம், அல்லது சரிவுக்கென்றே வடிவமைத்த ரிமோட் இயந்திரத்தைக் கொண்டுவரலாம்.

இனி இத்தகைய இயந்திரங்களை அறிமுகப்படுத்தும்போது, எட்டும் தூரத்துக்குப் பக்கத்திலேயே குறைந்தபட்ச டிராக்டர் எடையையும், கையை முழுதாக நீட்டிய நிலையில் அனுமதிக்கப்பட்ட சரிவையும் அச்சிடுங்கள். தயாரிப்பாளர் அந்த அளவைத் தரவில்லை என்றால், தரவில்லை என்றே போடுங்கள்.

இப்படிக்கு,
இயந்திரப் பராமரிப்பில் இருக்கும் ஒரு வாசகர்