இரண்டு வாரத்துக்கு ஒரு முறை

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மெல்போர்னில் மருமகளுக்கு இருபத்தாறு வாரம் ஆகிவிட்டதா! ரொம்ப சந்தோஷம். அவள் ஓ நெகட்டிவ், மகன் பி பாசிட்டிவ், அதனால் ஊசி போட வேண்டும் என்கிறார்கள், அது யாரோ ஒருவர் ரத்தத்திலிருந்து எடுத்த மருந்தாமே என்று தயங்கி எழுதியிருக்கிறாய். தயங்கவே வேண்டாம், போட்டுக்கொள்ளச் சொல். அந்த 'யாரோ ஒருவர்' எப்படிப்பட்டவர் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஜேம்ஸ் ஹாரிசன். 1936-இல் நியூ சவுத் வேல்ஸில் பிறந்தவர். பதினான்கு வயதில் நெஞ்சில் பெரிய ஆபரேஷன். முகம் தெரியாதவர்கள் கொடுத்த ரத்தத்தால் பிழைத்தார். பதினெட்டு ஆனதும் நானும் கொடுப்பேன் என்று அப்போதே முடிவெடுத்து, 1954-இல் தொடங்கிவிட்டார். இத்தனைக்கும் அவருக்கு ஊசி என்றால் பயம். ஊசி ஏறும்போது கூரையைப் பார்ப்பார், நர்ஸிடம் பேச்சுக் கொடுப்பார். ஆயிரம் தடவைக்கு மேல் குத்தியும் ஒரு தடவைகூட அதைத் திரும்பிப் பார்த்ததில்லை.

அவர் ரத்தத்தில் என்ன விசேஷம் என்கிறாயா? சிவப்பணுவில் 'டி' என்ற புரதம் இருந்தால் பாசிட்டிவ், இல்லாவிட்டால் நெகட்டிவ். தாய் நெகட்டிவாக இருந்து குழந்தை பாசிட்டிவாக இருந்தால், பெரும்பாலும் பிரசவத்தின்போது, சில சமயம் அதற்கு முன்பே, குழந்தையின் சிவப்பணுக்கள் கொஞ்சம் தாயின் ரத்தத்தில் கலந்துவிடும். ஒரு மில்லிக்கும் குறைவாகக் கலந்தாலே போதும், தாயின் உடம்பு அதை அந்நியமாக நினைத்து எதிர்ப்பொருள் உண்டாக்கத் தொடங்கும். முதல் குழந்தை பெரும்பாலும் தப்பிவிடும். அடுத்த கர்ப்பத்தில்தான் அந்த எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போய்க் குழந்தையின் ரத்தத்தை அழிக்கும். ரத்தசோகை, கடும் மஞ்சள் காமாலை, வயிற்றிலேயே மரணம் என்று அந்தக் காலத்தில் பார்த்த குடும்பங்கள் எத்தனையோ.

அதே எதிர்ப்பொருளை வெளியிலிருந்து சிறிதளவு கொடுத்து, தாய் உடம்பு விழித்துக்கொள்வதற்கு முன்பே அந்த அணுக்களை அப்புறப்படுத்திவிடுவது ஆன்டி-டி ஊசி. இதை ஆய்வகத்தில் தயாரிக்க வெகுகாலம் முயன்றும் ஆஸ்திரேலியாவில் இன்றுவரை மனித பிளாஸ்மாதான், அதாவது ரத்தத்தின் மஞ்சள் நீர்தான், ஆதாரம். ஹாரிசன் பிளாஸ்மாவில் அந்த எதிர்ப்பொருள் வலுவாக இருந்தது. சிறு வயதில் ஏற்றிய ரத்தம் காரணமாக இருக்கலாம். 1960-களின் நடுவில் அதைக் கண்டுபிடித்து அவரைக் கேட்டார்கள். சும்மா ரத்தம் கொடுப்பது மட்டுமில்லை; எதிர்ப்பொருள் அளவு குறையாமலிருக்க, பொருந்தாத பாசிட்டிவ் அணுக்களைச் சிறிதளவு தன் உடம்பில் ஏற்றிக்கொள்ளவும் வேண்டும். சம்மதித்தார்.

முழு ரத்தம் கொடுத்தால் அடுத்த முறைக்குப் பன்னிரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். பிளாஸ்மாவில் அப்படியில்லை. இயந்திரம் ரத்தத்தைச் சுழற்றி மஞ்சள் நீரை மட்டும் எடுத்துக்கொண்டு சிவப்பணுக்களைத் திருப்பி அனுப்பிவிடும். முக்கால் மணி நேரம், எழுநூறு எண்ணூறு மில்லி. உறையாமலிருக்கக் கலக்கும் சிட்ரேட்டால் உதடு சற்று மரமரக்கும், அவ்வளவுதான். போன பிளாஸ்மா ஓரிரு நாளில் ஊறிவிடும். அதனால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கொடுக்கலாம். கொடுக்கலாம் என்பது சரி. வேலை, வீடு, பேரப்பிள்ளைகள் என்று எல்லாம் இருக்கும்போது யார் போவார்கள்? அவர் போனார். 1,173 முறை. வலது கையில் 1,163, இடது கையில் 10. 2005-இல் மனைவி காலமானார். அவரும் ரத்தம் கொடுத்தவர். அந்தத் துக்கத்திலும் இவர் நிறுத்தவில்லை. 1999-இல் பதக்கம் கொடுத்தார்கள், சாதனைப் புத்தகத்திலும் பெயர் வந்தது. எனக்கு அதெல்லாம் பெரிதாகத் தோன்றவில்லை. அவருடைய மகளுக்கும் பிறகு பேரனின் மனைவிக்கும் இதே ஊசி தேவைப்பட்டதே, அதுதான் மனதில் நிற்கிறது. ஊருக்குக் கொடுத்தது வீட்டுக்கும் வந்தது.

81 வயதுக்கு மேல் அங்கே எடுக்க மாட்டார்கள். 2018 மே மாதம் கடைசியாகக் கொடுத்தார். 2025 பிப்ரவரி 17 அன்று தூக்கத்திலேயே போய்விட்டார், 88 வயது. 24 லட்சம் குழந்தைகளுக்கு அவர் பிளாஸ்மா உதவியிருக்கிறது என்கிறார்கள். மருமகளுக்குப் போடும் குப்பியில் அவர் பிளாஸ்மா இருக்காது. ஆனால் அவரைப் போல அந்த நாட்டில் இருநூறுக்கும் குறைவான ஆட்கள்தான் கொடுக்கிறார்கள், அவர்களுடையது இருக்கும்.

அந்த உழைப்பு வீணாகாமலிருக்க மருமகளிடம் சொல்ல வேண்டியது சில. அங்கே பல ஆண்டுகளாக 28, 34 வாரங்களில் 625 யூனிட் வீதம் போடுவது வழக்கம். இப்போது என்ன முறை என்று அங்கேயே கேட்டுக்கொள்ளட்டும். 625 யூனிட் சுமார் ஆறு மில்லி சிவப்பணுக்களுக்குப் போதும். குழந்தை பாசிட்டிவ் என்று தொப்புள்கொடி ரத்தத்தில் தெரிந்தால், பிறந்து 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று. நடுவில் ரத்தப்போக்கு வந்தாலோ, வயிற்றில் அடிபட்டாலோ, வீட்டிலேயே இருந்துவிடாமல் உடனே போய்ச் சொல்ல வேண்டும். ஊசியைத் தோள்பட்டைச் சதையில் போடுவது நல்லது. பிட்டத்தில் போட்டால் கொழுப்பில் தங்கிவிடக்கூடும், மருந்து சரியாக ஏறாமல் போகலாம். எதிர்ப்பொருள் ஏற்கெனவே உண்டாகியிருந்தால் இந்த ஊசியால் பயனில்லை. அதனால் 28-வது வார ஊசிக்கு முன்பே, ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்க்கும் ஐ.சி.டி. பரிசோதனைக்கு ரத்தம் எடுத்துவிட வேண்டும்.

பிரசவத்துக்கு இங்கே வருகிறாள் என்றால், ஊசி போட்ட தேதியும் அளவும் எழுதிய அட்டையை மறக்காமல் கைப்பையில் வைத்துக்கொள்ளச் சொல், பெட்டியில் போட வேண்டாம். ஊசி போட்ட பிறகு சில வாரங்களுக்கு ஐ.சி.டி. பாசிட்டிவாகவே காட்டும். அட்டை இல்லாவிட்டால், இவளுக்கே எதிர்ப்பொருள் உண்டாகிவிட்டது என்று தப்பாக எடுத்துக்கொண்டு, பிறந்த பிறகு போட வேண்டிய ஊசியைப் போடாமல் விட்டுவிடக்கூடும். என்ன தேதிக்கு டிக்கெட் என்று தெரிந்ததும் எழுது.

உன் பழைய தோழி