கழுத்து ஸ்கேனை பேக்கேஜிலிருந்து எடுத்துவிடுங்கள்

தமிழ்நாட்டில் மாஸ்டர் ஹெல்த் செக்கப் பேக்கேஜ் விற்கும் லேப், ஸ்கேன் மைய உரிமையாளர்களுக்கும், அங்கே ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும் மருத்துவர்களுக்கும்,

வணக்கம். ரத்தப் பரிசோதனையில் தைராய்டு ஆன்டிபாடி அதிகம் என்று வந்தவுடனே, கழுத்தில் கட்டியோ விழுங்குவதில் சிரமமோ இல்லாத பெண்ணைக்கூட "எதற்கும் ஒரு ஸ்கேன் பார்த்துவிடலாம்" என்று உள்ளே அனுப்புகிறீர்களே, அந்த வழக்கத்தை நிறுத்தச் சொல்லித்தான் இந்த மடல். அந்த ஆன்டிபாடி காட்டிக்கொடுக்கும் ஹாஷிமோட்டோ நோய், அதாவது உடலின் எதிர்ப்பு சக்தியே தைராய்டைத் தாக்கி அழற்சி உண்டாக்கும் நோய், எனக்கும் உண்டு. காலையில் வெறும் வயிற்றில் தைராக்சின் மாத்திரையைப் போட்டுவிட்டு, காபி குடிக்கலாமா என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் கூட்டத்தில் நானும் ஒருத்தி. கூட்டம் ஒன்றும் சின்னதில்லை. சென்னை உட்பட 8 நகரங்களில் நடத்தி 2013-ல் வெளியான ஆய்வில், பெரியவர்களில் ஏறக்குறைய 11 சதவீதம் பேருக்குத் தைராய்டு சுரப்பு குறைவாக இருந்தது. ஆன்டிபாடி இருந்தவர்களோ ஐந்தில் ஒருவருக்கும் மேல். அத்தனை பேரும் ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், போனில் தேடிப் பார்க்கும் கேள்வி ஒன்றுதான்: இது கேன்சரில் போய் முடியுமா?

அதற்கு நேர்மையான பதிலை உங்கள் ரிப்போர்ட் சொல்வதில்லை. "கிளினிக்கல் கோரிலேஷன் தேவை" (அறிகுறிகளோடு சேர்த்து மருத்துவர் பார்க்கட்டும்) என்று ஒரு வரியோடு கைகழுவிவிடுகிறது.

ஜப்பானின் ஹகாரு ஹாஷிமோட்டோ 1912-ல் இந்த நோயை விவரித்தபோது அவர் கையில் இருந்தது 4 பெண்களின் அறுத்தெடுத்த தைராய்டு. இதற்கும் தைராய்டு புற்றுநோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று 1955-ல் அமெரிக்க மருத்துவர்கள் எழுதினார்கள். அன்றிலிருந்து வாதம் ஓயவில்லை. காரணம், யாரை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறிவிடுகிறது. அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஹாஷிமோட்டோ நோயாளிகளை மட்டும் எண்ணிய ஆய்வுகளைத் தொகுத்தபோது, தைராய்டு புற்றுநோய்களிலேயே அதிகம் காணப்படும் பாப்பிலரி வகை சராசரியாக 27 சதவீதத்துக்கும் மேல் இருந்தது. ஊசியால் செல்களை எடுத்துப் பார்க்கும் ஊசி டெஸ்ட் செய்துகொண்டவர்களை எண்ணிய ஆய்வுகளிலோ வெறும் 1.2 சதவீதம். கல்யாண மண்டப வாசலில் நின்று எண்ணினால் ஊரில் எல்லோரும் பட்டுப்புடவைதான் கட்டுகிறார்கள் என்று தோன்றாதா? சந்தேகம் வந்தவர்கள்தான் கத்திக்குப் போகிறார்கள், அவர்களிடம்தான் கேன்சரும் அதிகம் கிடைக்கிறது. ஊசி டெஸ்டுக்கு வருபவர்கள்கூட ஏதோ ஒரு கட்டி தென்பட்டதால் வருபவர்களே.

தொடர்பே கிடையாது என்று நான் சொல்ல வரவில்லை. வருடக்கணக்கில் நீடிக்கும் அழற்சியும், தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.ஹெச் ஏறிக் கிடப்பதும் காரணமாக இருக்கலாம் என்று சொல்ல ஆதாரம் இருக்கிறது. டி.எஸ்.ஹெச்-சைக் கட்டுக்குள் வைக்க அது இன்னொரு காரணம், அவ்வளவுதான். அப்புறம், ஹாஷிமோட்டோவோடு பாப்பிலரி புற்றுநோயும் வந்தவர்களுக்கு நெறிக்கட்டிகளுக்குப் பரவுவதும், நோய் திரும்புவதும் மற்றவர்களைவிடக் குறைவு என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. இதை மட்டும் யாரும் பயந்துபோன நோயாளியிடம் சொல்வதில்லை!

இனி உங்கள் ஸ்கேனுக்கு வருகிறேன். ஹாஷிமோட்டோ தைராய்டு ஸ்கேனில் திட்டுத்திட்டாகத்தான் தெரியும். அழற்சித் திட்டு கட்டி மாதிரியே நிற்கும். பக்கத்து நெறிகளும் கொஞ்சம் வீங்கியிருக்கும். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா? ஆனாலும் 5 மில்லிமீட்டர் கட்டி என்று ரிப்போர்ட்டில் ஏறிவிடுகிறது, அடுத்து ஊசி டெஸ்ட். அழற்சியால் உருமாறிய செல்கள் அங்கேயும் குழப்பி "உறுதியாகச் சொல்ல இயலவில்லை" என்று வரும். அதற்கப்புறம் அந்த வீட்டில் யாருக்கும் தூக்கம் கிடையாது. "எதுக்கு ரிஸ்க், எடுத்தே விட்டுடலாம்" என்று யாராவது ஒரு மாமா கட்டாயம் சொல்வார்.

உண்மையிலேயே பாப்பிலரி கேன்சராக இருந்தால்? பின்லாந்தில் வேறு காரணங்களால் இறந்த 101 பேரின் தைராய்டை மெல்லிய சீவல்களாக வெட்டிப் பார்த்து 1985-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 36 பேரிடம் பாப்பிலரி புற்றுநோய் இருந்தது, பெரும்பாலும் மிகச் சிறியவை. ஜப்பானின் கோபே நகரில் கூமா மருத்துவமனை 1993 முதல் 1 சென்டிமீட்டருக்குள் இருக்கும், ஆபத்து அறிகுறி இல்லாத கட்டிகளை அறுக்காமல் கண்காணித்து வருகிறது. அங்கே 1,235 பேரைத் தொடர்ந்து பார்த்ததில், 10 ஆண்டுகளில் கட்டி 3 மில்லிமீட்டராவது வளர்ந்தது சுமார் 8 சதவீதம் பேருக்கு. அந்த நோயால் ஒருவரும் இறக்கவில்லை.

தென்கொரியாவின் கதை உங்கள் தொழிலுக்கு இன்னும் நெருக்கமானது. 1999-ல் அரசு கேன்சர் பரிசோதனைத் திட்டம் தொடங்கியபோது தைராய்டு அதில் இல்லை. ஆஸ்பத்திரிகள்தான் சின்னக் கட்டணத்துக்குக் கழுத்து ஸ்கேனையும் சேர்த்து விற்றன. 2011 வாக்கில் தைராய்டு புற்றுநோய் கண்டுபிடிக்கப்படும் வீதம் 1993-ல் இருந்ததைப் போல 15 மடங்கு. இறப்பு வீதம் அப்படியே இருந்தது. அறுவை சிகிச்சை செய்துகொண்ட 15,000-க்கும் மேற்பட்டவர்களின் காப்பீட்டுப் பதிவுகளைப் பார்த்ததில், 11 சதவீதம் பேருக்கு, கால்சியத்தைச் சீராக வைக்கும் பக்கத்துச் சுரப்பியான பாராதைராய்டு பாதிப்பு. அதாவது கால்சியம் மாத்திரையோடுதான் வாழ்க்கை. 2 சதவீதம் பேருக்குக் குரல்நாண் செயலிழப்பு. 2014-ல் எட்டு மருத்துவர்கள் ஒன்றுசேர்ந்து, அறிகுறி இல்லாதவர்களுக்கு இந்த ஸ்கேன் வேண்டாம் என்று பகிரங்கமாக எழுதினார்கள். அடுத்த ஆண்டுக்குள் அறுவை சிகிச்சைகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன.

தைராய்டு ரத்தப் பரிசோதனை சரியில்லை என்பதற்காக, தொட்டுப் பார்த்து எதுவும் தட்டுப்படாதவர்களுக்கு வழக்கமாக ஸ்கேன் எழுத வேண்டாம் என்று அமெரிக்க எண்டோகிரைன் சங்கம் 2013-லேயே சொல்லிவிட்டது. அறிகுறி இல்லாதவர்களிடம் தைராய்டு புற்றுநோயைத் தேடிப் போக வேண்டாம் என்று அந்த நாட்டின் தடுப்புப் பணிக்குழு 2017-ல் பரிந்துரைத்தது.

"எதையாவது விட்டுட்டா எங்க மேலதானே கேஸ் போடுவாங்க" என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. அந்தப் பயத்தை நான் பொய் என்று சொல்லமாட்டேன். யாருக்கு ஸ்கேன் தேவை என்பதில் குழப்பம் இல்லையே. கழுத்தில் கட்டி தட்டுப்படுபவர், குரல் கம்மிப்போனவர், சின்ன வயதில் கழுத்தில் கதிர்வீச்சு சிகிச்சை பெற்றவர், குடும்பத்தில் தைராய்டு புற்றுநோய் இருப்பவர், கிரேவ்ஸ் நோயோடு (தைராய்டு அதிகமாகச் சுரக்கும் நோய்) கட்டியும் தென்படுபவர். இவர்களுக்குத் தாராளமாகப் பாருங்கள். கழுத்து வீங்கியும், பஸ் ஏறி வந்து ஸ்கேன் எடுக்க வழியில்லாமல் தள்ளிப்போடும் பெண்கள் எத்தனையோ பேர். பேக்கேஜில் வீணாகும் மிஷின் நேரத்தில் அவர்களுக்குச் சலுகை விலையில் ஸ்கேன் எடுங்களேன்.

இன்னொரு வேண்டுகோள். ஹாஷிமோட்டோவோடு உண்மையிலேயே வலுவான தொடர்பு உள்ள புற்றுநோய் ஒன்று உண்டு, தைராய்டில் வரும் லிம்ஃபோமா (நிணநீர் செல்களில் தோன்றும் புற்றுநோய்). 829 நோயாளிகளைப் பின்தொடர்ந்து 1985-ல் வெளியான சுவீடன் ஆய்வில் அதன் ஆபத்து மற்றவர்களைவிடச் சுமார் 67 மடங்கு. மடங்கைக் கேட்டு அரள வேண்டாம், நோயே மிக அரிது என்பதால் அத்தனை மடங்கான பிறகும் வருவது வெகு சிலருக்குத்தான். பெரும்பாலும் வயதானவர்களுக்கு, சில வாரங்களிலேயே கழுத்து வீங்கிப் பெருகும். வருடத்துக்கு ஒருமுறை எடுக்கும் பேக்கேஜ் ஸ்கேன் இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. ஆகவே ஆன்டிபாடி அதிகம் என்று அச்சாகும் இடத்துக்குக் கீழே தமிழில் இதைச் சேருங்கள்: "இந்த முடிவு மட்டும் புற்றுநோயைக் குறிக்காது. கழுத்தில் புதிதாகக் கட்டி தட்டுப்பட்டாலோ, வீக்கம் சில வாரங்களில் வேகமாகப் பெருகினாலோ, குரல் மாறினாலோ, மூச்சுவிடவோ விழுங்கவோ சிரமமானாலோ உடனே மருத்துவரைப் பாருங்கள்."

இப்படிக்கு,
ஆறு மாதத்துக்கு ஒருமுறை உங்களிடம் டி.எஸ்.ஹெச் பார்க்க வரும் ஒரு வாடிக்கையாளர்